'அடிக்கவும்' என்று அச்சிட்டதால் கிடைத்த மேல் கட்டில்

அனுப்புநர்:
மூத்த பரிசோதகர்,
விதைப் பரிசோதனை நிலையம்.
(விண்ணப்பதாரரின் நாத்தனார்)

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
உயர்கல்வி நிதியுதவி அலுவலகம்.

பொருள்: செவிலியர் பட்டப்படிப்புக்குக் கட்டண மானியம் கேட்டவருக்குக் கடனும் விடுதிக் கட்டிலும் ஒதுக்கப்பட்டதைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி மனைவி அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். வயது முப்பத்தாறு. சென்ற ஆண்டு ஒரு படுக்கைவிரிப்பின் கறையைப் பார்த்து, அந்த நோயாளிக்குத் தையல் பிரிந்திருக்க வேண்டும் என்று வார்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னார். பிரிந்துதான் இருந்தது. தலைமைச் செவிலியர், "இங்க துணி அலசிக்கிட்டு என்னடி பண்றே, போய்ப் பரீட்சை எழுது" என்று அதட்டியதில் நுழைவுத் தேர்வு எழுதி, கல்லூரியில் இடமும் பெற்றுவிட்டார்.

2. நிதியுதவிப் படிவத்தை நிரப்பியது நான். பல்கலைக்கழகம் வரை போனவள் என்பதால் குடும்பம் எனக்களித்த பொறுப்பு அது. படிவத்தில் "திட்டம் (அடிக்கவும்)" என்றிருந்தது. கீழே கட்டண மானியம், கல்விக் கடன், விடுதி உதவி என மூன்று வரிகள். எதை அடிப்பது என்ற குறிப்பு இல்லை. பொருந்தாததை அடிப்பதே படிவ வழக்கம் என்று எண்ணி, கடனையும் விடுதியையும் அளவுகோல் வைத்துக் கோடிட்டு அடித்தேன். மானியத்தைத் தொடவில்லை.

3. சென்ற வாரம் ஆணை வந்தது. கடன் அனுமதி. மகளிர் விடுதி, அறை எண் பதினான்கு, மேல் கட்டில். மானியம்: "கோரப்படவில்லை". விண்ணப்பதாரரின் வீடு கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அங்கே கணவரும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. ஆணையைப் படித்த என் தம்பி, "அப்ப கீழ்க் கட்டில் காலியான்னு கேளுக்கா, நாங்களும் வந்துடறோம்" என்றார். அவர் மனைவியோ, "மேல ஏறிப் படுத்துட்டா யாரும் எழுப்ப முடியாதுல்ல அண்ணி? ஒரே ஒரு வாரம் வச்சுக்கலாமே" என்றார். இந்த வேண்டுகோள் மனுவில் சேராது.

4. தங்கள் அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில் விசாரித்தேன். "நீங்கதான் மேடம் அடிச்சிருக்கீங்க" என்றார் எழுத்தர். ஆமாம், அடித்ததால் வேண்டாம் என்றேன். "அடிச்சா வேணும்னுதானே அர்த்தம்? டிக் அடிக்கிறதில்லையா?" என்றார். கால் மணி நேரம் இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி எதிரெதிராக வாதாடினோம்.

5. நான்காம் கவுண்டர்காரர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "கோடு போட்டிருந்தா வேண்டாம்னுதான் நான் எடுத்துப்பேன். நீ வேணும்னு எடுத்துக்கிறியா?" என்று கேட்டார். "மூணு வருஷமா" என்றார் மூன்றாம் கவுண்டர் எழுத்தர். எனக்குப் பின்னால் நின்ற மாணவி மூன்று வரிகளுக்கும் டிக் போட்டு, மூன்றின் மேலும் கோடு கிழித்திருந்தார். "எதுக்கும் இருக்கட்டும்னுதான் ஆன்ட்டி" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

6. திருத்தம் அடுத்த கல்வியாண்டில்தான் என்று கவுண்டரில் சொல்லப்பட்டது. கல்லூரி இந்த மாதம் இருபத்தாறாம் தேதிக்கு மேல் இடத்தை வைத்திருக்காது. கடன் வாங்கிப் படிப்பதில்லை என்பது விண்ணப்பதாரரின் முடிவு. மானியத்துக்கான எல்லாத் தகுதியும் அவருக்கு இருப்பதைத் தங்கள் ஆணையின் இரண்டாம் பக்கமே சொல்கிறது.

7. ஆகவே, கடனையும் கட்டிலையும் ரத்து செய்து, மானிய ஆணையை இருபத்தாறாம் தேதிக்குள் கல்லூரிக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். மூன்றாம் கவுண்டரில் மூன்று ஆண்டுகளாகக் கடன் பெற்றவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டார்கள் என்று பார்ப்பதும் நல்லது. அந்த எழுத்தர் மீது எனக்குப் புகார் இல்லை. அச்சிட்ட சொல் மீதுதான்.

8. அலுவலகங்கள் குறித்து நான் எளிதில் நம்பிக்கை வைப்பவள் அல்ல. ஆயினும் வகுப்பு தொடங்கும் காலையில் என் தம்பி மனைவியைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விடுவதற்காக அரை நாள் விடுப்பு கேட்டிருந்தேன். என் அலுவலகம் அனுமதித்துவிட்டது. இனி தங்கள் அலுவலகம்தான் பாக்கி.

இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்பு அறை
நாள்: இம்மாதம் பன்னிரண்டு

தங்கள் முடிவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மூத்த பரிசோதகர்
(ஒப்பம்) விண்ணப்பதாரர், முழுச் சம்மதத்துடன்

இணைப்பு: ஆணையின் நகல், படிவத்தின் நகல்.