உப்பளத்து வீடியோவை டிஸ்க்கில் ஏற்றிய வாரம்

ஜூன் 11, செவ்வாய்

காலையிலேயே அனல். கடல் காற்று இன்னும் எழும்பவில்லை. ஸ்டூடியோ திறந்ததும் ஒரு பாஸ்போர்ட் போட்டோ. குழந்தை ஓயாமல் அழுகை. நான் கிள்ளிவிட்ட மாதிரி அம்மாக்காரி என்னை முறைக்கிறாள்.

பிறகு அஞ்சலை. உப்பளத்தில் மோட்டார் ஒயரில் ஷாக் அடித்துச் செத்த ஏழுமலையின் பெண்டாட்டி. சாவதற்கு முந்தின நாள் அவன் போனில் எடுத்து இவளுக்கு அனுப்பிய வீடியோ ஒன்று இருக்கிறது. அவன் போன் அவனோடேயே உப்புத்தண்ணீரில் போயிற்று. மிச்சம் இவள் போனில் உள்ளது மட்டும்தான்.

திங்கட்கிழமை விசாரணை. ஷாக் அடிப்பதாக யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை, அவன் குடித்திருந்தான் என்கிறது முதலாளி தரப்பு. வீடியோவில் ஏழுமலை ஒயரைக் காட்டி, “மேஸ்திரி, ஷாக் அடிக்குது, வேற ஒயர் போடச் சொல்லுங்க” என்கிறான். மேஸ்திரி பக்கத்திலேயே நின்றுகொண்டு, “ஒண்ணும் ஆவாது, வேலையப் பாரு” என்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

திண்டிவனம் வக்கீலுக்குப் போனும் வேண்டும், மூன்று டிஸ்க்கும் வேண்டும். விசாரணை நடக்கிற ஆபீசில் இருப்பது பழைய டிவிடி பிளேயர்.

“அக்கா, நல்லா கேக்கணும்கா. அந்த ஆளு சொன்னது கேக்கணும்.”

“கேக்கும், போ” என்றேன். பெரிய இவள் மாதிரி.

ஃபைலை அப்படியே டிஸ்க்கில் காப்பி அடித்து மதியம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் வக்கீல் குமாஸ்தா போன். “இன்னாம்மா இது, பிளேயர் டிஸ்க்கையே எடுக்கல.” எடுக்காதுதான். காப்பி அடித்தால் போதாது, டிவிடியாக மாற்றி ஏற்ற வேண்டும். இத்தனை கல்யாண டிஸ்க் போட்ட எனக்கு இது தெரியாதா? அவசரம். புத்தி கெட்டுப்போச்சு.

ஜூன் 12, புதன்

பால் திரிந்துவிட்டது. காபி இல்லை. கோபம் யார்மேல் என்று தெரியவில்லை.

டிவிடியாக மாற்றினேன். டிஸ்க் ரைட்டர் பாதியில் நின்றது. இங்கே உப்புக் காற்றில் எதுதான் உருப்படுகிறது? லென்சைத் துடைத்து, வேகத்தைக் குறைத்து மறுபடி. ஏறியது. கம்ப்யூட்டரில் படம், சத்தம் இரண்டும் உண்டு.

எதிர் டீக்கடை பாஷா பாயிடம் பழைய பிளேயர் இருக்கிறது. அங்கே போட்டால் படம் மட்டும். ஏழுமலை வாயசைக்கிறான், ஊமை மாதிரி. வெள்ளை ஒயர், சிவப்பு ஒயர் எல்லாம் பிடுங்கி மாற்றிக் குத்தினேன். ஊஹூம்.

பாய் சொன்னார்: “ஏம்மா, கல்யாண டிஸ்க்கு நல்லாதானே பாடுது? பிளேயர் மேல பழி போடாதே.”

சரியாகத்தான் சொன்னார். கல்யாண டிஸ்க்கைப் போட்டதும் நாதஸ்வரம் தெருவுக்கே கேட்டது. அப்படியானால் கோளாறு நான் செய்த டிஸ்க்கில். போனில் பதிவாகிற சத்தத்தின் வகை வேறு, பழைய பிளேயருக்குப் புரிகிற வகை வேறு. சத்தத்தைத் தனியாக மாற்றிச் சேர்த்தேன். பேசிவிட்டான். பாய் கடையில் டீ குடித்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவன் குரல். டிஸ்க்கை எடுத்துச் சாயங்கால பஸ்ஸில் வக்கீலுக்குக் கொடுத்தனுப்பினேன்.

செய்ய வேண்டியவை: காலி டிஸ்க் வாங்க. கரண்ட் பில். அத்தைக்கு மாத்திரை.

ஜூன் 13, வியாழன்

வக்கீலே போனில். குரலில் சலிப்பு. “சத்தம் வருதும்மா. ஆனா வாய் முன்னாடி போவுது, பேச்சு பின்னாடி வருது. எதிர்த்தரப்பு பாத்தா டப்பிங்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவான்.”

என் டிஸ்க்கால் ஒரு குடும்பத்தின் வழக்கு போய்விட்டால்?

ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது. போகப் போக விலகுகிறது. கடைசியில் படம் முடிந்ததும் மிச்சப் பேச்சு அப்படியே துண்டாகி நிற்கிறது. நான் முதல் பாதியைத்தான் போட்டுப் பார்த்திருக்கிறேன், மடச்சி.

போன் ஒரே சீராகப் படம் பிடிப்பதில்லை. வெயிலில் சூடேறினால் ஒரு விநாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு ஏறும், இறங்கும். டிஸ்க்குக்குச் சீராக வேண்டும். முதலில் அதைச் சீராக்கி, அப்புறம் டிவிடி. பாஷா பாய் கடையில் மறுபடி போட்டேன். வாயும் பேச்சும் ஒன்றாகப் போயின. இந்த முறை கடைசிவரை கேட்டேன்.

கேட்காமல் இருந்திருக்கலாம்.

வக்கீலுக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னேன். அவர் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அதுதாம்மா கேசே. ஒரு விநாடி கட் பண்ணாகூட மொத்தமும் செல்லாது. கை வெச்சிடாதே.”

ஜூன் 14, வெள்ளி

அஞ்சலை வந்தாள். கடைசிவரை பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன்.

“இல்லக்கா. அது மூஞ்சி வர்ற எடத்துல நிறுத்திடுவேன். முடியாதுக்கா.”

இவளுக்குச் சொல்லாமல் அனுப்பலாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். விசாரணையில் பத்துப் பேர் முன்னால் முதல்முதலாகக் கேட்பதைவிட இங்கே கேட்கட்டும். ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

ஏழுமலை போனைத் தன் முகத்துக்குத் திருப்புகிறான். பின்னாலிருந்து மேஸ்திரி கத்துகிறான்: “ஒயர்ல சுத்த டேப்புக்கு எங்கடா போறது? துணி இருந்தா சுத்துடா டேய்!” இவன் சிரிக்கிறான். “கேட்டியா அஞ்சல? கால்ல உப்பு அறுக்குதுன்னு பொடவ கிழிச்சிக் குடுத்த இல்ல, அதையே சுத்தி வுட்டுடறேன். கால் கெடக்குது வுடு.”

உப்புத்தண்ணீரில் ஊறிய துணி. மறுநாள் காலையில் மோட்டாரைப் போடப் போனவன்.

அஞ்சலை ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அழவில்லை.

“என் பொடவைக்கா.”

“நீ காலுக்குக் குடுத்தே. ஒயர்ல சுத்தச் சொன்னது அந்தப் பாவி.”

“என் பொடவதான?”

என்ன சொன்னாலும் பொய்யாக இருக்கும்.

“இத எல்லாரும் கேப்பாங்களாக்கா?”

“கேப்பாங்க. கட் பண்ணா கேஸ் போயிடும்னு வக்கீல் சொல்றாரு.”

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “கட் பண்ணாதீங்க. கேக்கட்டும்.”

மூன்று டிஸ்க். மூன்றையும் பாய் கடையில் போட்டுச் சரிபார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவன் சிரித்தான்.

ஜூன் 17, திங்கள்

மேகம். மழை இல்லை. ஜெராக்சில் பேப்பர் சிக்கிக்கொண்டது.

மதியம் குமாஸ்தா போன். டிஸ்க் ஓடியது, சத்தம் தெளிவு, வாயும் பேச்சும் ஒன்றாக. மேஸ்திரி தலையைத் தூக்கவில்லையாம். “நமக்குத்தாம்மா” என்றார். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

நாலரை மணி பஸ்ஸில் அஞ்சலை இறங்கி நேரே இங்கே வந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். போன் வக்கீலிடமே இருக்கிறதாம்.

“எனக்கும் ஒரு டிஸ்க்கு போட்டுக் குடுங்கக்கா. சத்தம் வேணாம்.”