மூன்று விரல் இடைவெளி

அக்கா இன்று காலை பிள்ளையின் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் காப்பிக் குவளையோடு வெளியே வந்துவிட்டேன். அந்த வாசனைக்குள் உட்கார முடிவதில்லை. அக்காவுக்கு அது குழந்தையின் வாசனை. எனக்கு, அத்தான், அது உங்கள் கைகளின் வாசனை.

ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார் பழையது. அதன் கிளச்சில் தோல் பட்டை. வாரம் ஒருமுறை அதற்கு விளக்கெண்ணெய் பூசுவீர்கள். காய்ந்தால் வண்டி துள்ளும். எண்ணெய் கூடினால் வழுக்கும். "புள்ளைக்கும் காருக்கும் ஒரே வைத்தியம், மச்சான்" என்பீர்கள். அக்கா சிரிப்பாள். அவள் அப்போது நன்றாகச் சிரிப்பாள்.

நான் சிங்கப்பூரில் படித்துவிட்டுத் தோட்டத்து ஆபீசில் இரண்டாம் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, சேர்ந்திருந்தேன். பெட்டி நிறையப் புத்தகம். எதையும் படித்தால் புரியும் என்ற திமிர். நீங்கள் டிரைவர். உங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

புதிதாக வந்த துரைக்குத் தமிழ் தெரியாது. மலாயும் அரைகுறை. மாலையில் தானே கார் ஓட்டுவார். கியர் மாற்றும்போதெல்லாம் பல் கடிக்கும் சத்தம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரை கேட்கும். ஒருநாள் காரோடு வந்த புத்தகத்தை என் மேசையில் போட்டார். ஏன் இந்தச் சத்தம், படித்துச் சொல்.

படித்தேன். மிதியை அழுத்தினால் முதலில் அது சும்மா இறங்க வேண்டும், அதன் பிறகே கிளச்சு விலக வேண்டும். அந்தச் சும்மா இறங்கும் தூரம் ஒரு விரல். அளந்து பார்த்தேன். நீங்கள் மூன்று விரல் வைத்திருந்தீர்கள். அதனால் மிதி தரையைத் தொட்டாலும் கிளச்சு முழுதாக விலகவில்லை. அதனால்தான் சத்தம். கண்டுபிடித்துவிட்டேன். துரையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். உங்களிடம் அல்ல, முதலில் துரையிடம்.

நீங்கள் காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினீர்கள்.

"மூணு விரல் தெரிஞ்சுதான் வச்சேன், மச்சான். அவரு ஓட்டும்போது பூட்ஸ் காலை மிதியை விட்டு எடுக்குறதே இல்ல. ஒரு விரல் வச்சா, கால் கனத்துலயே கிளச்சு பாதி விலகும். தோலு வெந்துரும்."

"புத்தகத்துல ஒரு விரல்தான் அத்தான்."

"புத்தகத்துல துரையோட பூட்ஸ் போட்டிருக்கா?"

நான் சிரிக்கவில்லை. துரையின் உத்தரவு என்றேன். நீங்கள் ஸ்பேனரை எடுத்து ஒரு விரலுக்கு முடுக்கினீர்கள். துரை ஓட்டும் விதத்தைத் துரையிடம் சொல்லும் வழக்கம் எந்தத் தோட்டத்திலும் கிடையாது.

நான்கு நாள் கியர் வெண்ணெயில் விழுவதுபோல் விழுந்தது. துரை என் தோளைத் தட்டினார். ஐந்தாம் நாள், ரப்பர் பால் கொட்டகைக்கு ஏறும் செம்மண் மேட்டில், தோல் கருகிய நாற்றம். என்ஜின் உறும, வண்டி பின்னால் உருண்டு கால்வாயில் சாய்ந்தது. துரைக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் பாலுக்காக மரம் சீவுகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஆபீசில் நாம் மூவர். கடைசியாகக் கிளச்சை முடுக்கியது யார் என்று துரை கேட்டார். உங்களுக்குத் தமிழில் சொன்னேன்.

நீங்கள் கைகட்டி நின்றபடி சொன்னீர்கள்: "நான்தான்னு சொல்லு, மச்சான். புத்தகப்படி வைக்கச் சொன்னாங்க, அதான் வச்சேன்னு சொல்லு. துரை மிதியில கால வச்சுக்கிட்டே ஓட்டுறாரு, அதுக்குத்தான் முன்னாடி மூணு விரல் விட்டிருந்தேன்னும் சொல்லு."

நான் துரையிடம் சொன்னேன்: தான்தான் முடுக்கியதாக ஒப்புக்கொள்கிறார், ஐயா.

அவ்வளவுதான். நீங்கள் சொன்னது நீளம். நான் சொன்னது அரை மூச்சு. ஆங்கிலம் தெரியாதவருக்கும் நீளம் தெரியும்.

வெளியே வந்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "இங்கிலீசு ரொம்பச் சிக்கனமான பாசை போல."

அதற்குப் பிறகு என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை. தம்பி என்றீர்கள், கடைக்காரர் கூப்பிடுவது போல.

அந்த மாதமே துரை உங்களை வேலையிலிருந்து நீக்கினார். நற்சான்று இல்லாத டிரைவருக்கு ஜொகூர் பாருவில் யாரும் கார் தரவில்லை. கோத்தா திங்கிப் பக்கம் காடு வெட்டப் போனீர்கள். மூன்றாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டீர்கள். உங்கள் துணிப்பையை வாங்கி வந்தவன் நான். அக்காவும் பிள்ளையும் இப்போது எனக்குக் கொடுத்த கிராணி வீட்டில் இருக்கிறார்கள். ஆம், நான் பெரிய கிராணியின் மேசைக்குப் போய்விட்டேன். நம்பகமானவன் என்று துரை எழுதிவைத்திருக்கிறார்.

புதிய டிரைவர் வந்தபோது, கேட்காமலே அவனிடம் மூன்று விரலைக் காட்டினேன். துரைக்குத் தெரியாது. எவ்வளவு பெரிய வீரம், பாருங்கள்.

சில நாள் அக்கா கேட்பாள்: "அன்னிக்கு அவரு துரைகிட்ட என்னதான்டா சொன்னாரு?"

"தான்தான் முடுக்குனதா சொன்னாரு."

"அவ்வளவுதானா? அந்த மனுசன் அவ்வளவு சுருக்கா பேச மாட்டாரே."

நான் குவளையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். நீங்கள் சொன்ன மீதியைப் பிறகு பலமுறை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்திருக்கிறேன், அத்தான். கடினமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை.