ஆ டாக்டர், ஈ டாக்டர்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, அதைத் துடைத்துக்கொண்டே குட்டியைக் கூப்பிட்டு, ஈ காட்டச் சொல்லி அவள் பல்லைப் பார்த்தேன். இன்றைக்கு ஒன்பதாவது தடவை. எண்ணக் கூடாது என்று நேற்றுதான் முடிவு செய்திருந்தேன்.

பூங்காவில் சறுக்குமரத்திலிருந்து அவள் குப்புற விழுந்து இன்றோடு மூன்று வாரம். உதட்டு வீக்கம் இரண்டே நாளில் வற்றிவிட்டது. மேல்வரிசை முன்பல் ஒன்று மட்டும் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, இப்போது சிமென்ட் நிறத்துக்கு வந்து நிற்கிறது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். ரஸ்க்கைக் கடகடவென்று கடித்துத் தின்கிறாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இவருக்குக் கவலையே கிடையாது. பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறதுதானே என்கிறார். விழ இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அவளுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை. அதுவரைக்கும் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டும்.

ஜூன் 11, புதன்

இன்று பதினொன்று.

ஜூன் 14, சனி

நாத்தனார் வந்திருந்தாள். போன மாதம்தான் பல்லை வெள்ளையாக்கிக்கொண்டு வந்தவள். அவள் உள்ளே நுழைந்ததும் இவர் எழுந்துபோய் விளக்கை அணைத்தார். இவள் வாயைத் திறந்ததிலிருந்து நம்ம கரண்ட் பில் பாதியாயிடுச்சு என்றார். அவள் செருப்பைக் கழற்றி அண்ணன் மேல் வீசினாள். குறி தவறிப் பூச்சட்டியில் விழுந்தது. இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும் குட்டி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு தோளை மட்டும் குலுக்கினாள்.

அப்போதுதான் உறைத்தது. இவள் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது எப்போது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை.

நாத்தனார் போட்டோ எடுக்கக் கூப்பிட்டாள். உதடு பசை போட்டு ஒட்டின மாதிரி. ஈ காட்டு செல்லம் என்று நான் கெஞ்சினேன். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஈ தீந்துபோச்சும்மா."

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மூன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்குத் தன் பல்லை நினைத்து வெட்கம் வந்துவிட்டதே. இது மனதில் ஊறிவிட்டால் எடுக்க முடியுமா?

வெளியே வந்ததும் நாத்தனார் போனை எடுத்தாள். தன் டாக்டர் நம்பரைக் கொடுத்தாள். "அண்ணி, அவங்க சாதாரணப் பல் டாக்டர் இல்ல. அழகுக்குன்னே இருக்கிறவங்க. வெள்ளையாக்கிடுவாங்க, கவலைப்படாதீங்க."

ஜூன் 17, செவ்வாய்

வியாழக்கிழமைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. பல் டாக்டரில் அழகுக்குத் தனி, வலிக்குத் தனியா என்று இவரிடம் கேட்டேன். இவருக்கு உலகத்தில் எதைக் கேட்டாலும் லிஃப்ட்டில்தான் பதில். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான்.

"உள்ள இருக்கிற கண்ணாடிக்கு ஒரு ஆளு வருவான். கயிறு, மோட்டார்னா நாங்க போவோம். கம்ப்ளெயின்ட் ஜாஸ்தி எதுக்கு வரும் சொல்லு? கண்ணாடியில கீறலுக்குத்தான். கயிறை எவன் பார்க்கிறான்."

நான் துணி மடித்தேன். என் பிள்ளை லிஃப்ட் இல்லை.

ஜூன் 19, வியாழன்

அந்த இடமே வேறு மாதிரி. மருந்து வாசனை இல்லை, பூ வாசனை. சுவரெல்லாம் சிரிக்கிற வாய்கள். மேஜைமேல் ஒரு பட்டையில் வரிசையாகப் பொய்ப்பற்கள், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை. பெயின்ட் கடையில் நிறம் பார்க்கக் கொடுக்கும் அட்டை மாதிரி. வெள்ளையில் இத்தனை வெள்ளையா?

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். வாயைத் திறக்கவே சொல்லவில்லை. நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்து குட்டியோடு பேச்சுக் கொடுத்தார். கையுறையை ஊதிக் கோழி செய்து காட்டினார். குட்டிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் மூடிக்கொண்டாள். டாக்டர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு இன்னொரு கோழி ஊதினார். மறுபடியும் அதே கதை.

இதற்கு மேலே ஒரு பூச்சு பூசிவிடலாமா என்று கேட்டேன். இந்த வயதில் தேவையில்லை என்றார். தானும் மற்றவர்களைப் போலப் பல் மருத்துவம் படித்தவர்தானாம், அழகு வேலையை அதற்குமேல் தனியாகக் கற்றுக்கொண்டாராம். பல் ஆரோக்கியமாக இருந்தால்தான் தனக்கு வேலையே. அடிபட்ட பல் உள்ளே எப்படி இருக்கிறதென்று தெரியாமல் வெளியே எதையும் பூசக் கூடாது, முதலில் பொதுப் பல் டாக்டர் ஒருவர் பார்க்கட்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எழுதிக்கொண்டே கேட்டார். "பல்லு நல்லா இல்லேன்னு பாப்பா சொன்னாளா?"

இல்லை என்றேன்.

"ஸ்கூல்ல யாராவது?"

இல்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நாள் முழுக்க ஜனங்க சிரிக்கிறதைப் பார்க்கிறதுதான் என் வேலை. அவ சிரிக்க ஆரம்பிச்சதும் உங்க முகத்தைப் பார்க்கிறா. நீங்க அந்தப் பல்லைப் பார்த்து உதட்டைக் கடிக்கிறீங்க. உடனே மூடிடுறா."

ஜூன் 20, வெள்ளி

கோபம் இன்னும் ஆறவில்லை. பல்லைக் காட்டப் போனால் என் முகத்தில் நோய் கண்டுபிடிக்கிறார். பிள்ளை பெற்றிருக்கிறாரா அந்தம்மா? கேட்டிருக்க வேண்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருக்க வேண்டும். நானோ தேங்க்ஸ் டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மத்தியானம் குட்டி கொட்டாவி விட்டாள். என்னை அறியாமலே எட்டிப் பார்த்தேன். சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது.

கொட்டாவியைக்கூடப் பாதியில் நிறுத்த வைத்துவிட்டேன். பாவி நான்.

ஜூன் 21, சனி

பொது டாக்டர் மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில் இருக்கிறார். பெஞ்சில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் வீங்கிய தாடையோடு, ஒரு கிழவர் பல்செட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு. இங்கே யாரும் அழகாவதற்காக வரவில்லை.

டாக்டர் பெரிய உருவம். ஏதோ பாட்டை முனகிக்கொண்டே இருந்தார். குட்டி நாற்காலியில் ஏறிப் படுத்ததும், அவர் ஒன்றும் கேட்கும் முன்பே அறிவித்துவிட்டாள்.

"எங்கிட்ட ஈ இல்ல."

"ஈ எனக்கு எதுக்கு? ஆ இருக்கா?"

குட்டி யோசித்தாள். "ஆ நெறைய இருக்கு."

அடிவயிறு வரைக்கும் தெரிகிற மாதிரி ஒரு ஆ. அவர் சொல்லச் சொல்ல இன்னும் பெரிதாக. இத்தனை வாரமாக அதை யாருமே கேட்கவில்லை என்பதால் மிச்சம் மீதியில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் பல்லைத் தட்டினார், ஆட்டினார், ஈறை அமுக்கினார், தபால்தலை அளவுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தார். முட்டியில் அடிபட்டால் கன்னிப்போகிற மாதிரி பல்லுக்குள் இரத்தம் கசிந்து கறுத்திருக்கிறதாம். கீழே இருக்கிற புதுப்பல் பத்திரமாக இருக்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த மாதிரி, அதற்கு இந்தப் பல் இடம் பிடித்து வைத்திருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். ஈறில் கொப்புளமோ வீக்கமோ வந்தால் உடனே, இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்.

நான் பெருமூச்சு விட்டு முடிக்கவில்லை.

"இது எத்தனை நாளா இருக்கு?"

கடைவாய்ப் பல்லில் ஒரு ஓட்டை. கடுகளவுதான். ஆனால் ஓட்டை. தினம் பத்துப் பதினொரு தடவை பார்த்தவள் நான், அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்குகிறாளா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், புதன்கிழமை கூட்டி வாங்க, பத்து நிமிஷத்தில் அடைத்துவிடலாம் என்றார்.

நீங்களே முன்பல்லை வெள்ளையாக்க மாட்டீர்களா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சின்னச் சின்ன வேலை நானும் செய்வேன்மா. ஆனா அழகுன்னு வந்துட்டா அந்தம்மா கைதான். எனக்குக் கடிக்கிற பல்லுதான் சரியா வரும், சிரிக்கிற பல்லு வராது."

படியிறங்கும்போது குட்டி, இவர் ஆ டாக்டர், அவங்க ஈ டாக்டர் என்றாள். நான் நாலு நாளாகக் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் யாரும் சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

ஓட்டை அடைத்தாயிற்று. எட்டு நிமிஷம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றதில் எனக்குத்தான் விரல் மரத்துப்போனது.

ஜூன் 30, திங்கள்

ஆறு நாளாக ஈ காட்டு என்று சொல்லவில்லை. பல் தேய்த்துவிடும்போதும் டாக்டர் சொன்னபடி அவளுக்குப் பின்னால் நின்று, தலையை என்மேல் சாய்த்துக்கொண்டு, கடைவாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். வாயால் கேட்பதை நிறுத்துவது சுலபம். கண்ணை என்ன செய்வது? அது தானாகப் போகிறது. போனால் உடனே அவள் காதைப் பார்க்கிறேன். ஏம்மா என் காதையே பார்க்கிறே என்று இன்று கேட்டுவிட்டாள்.

நல்லவேளை, காதை மூட முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

எழுதும்போதே சிரிப்பு வருகிறது, கையெழுத்து கோணினால் கோணட்டும்.

காலையில் தூக்கக் கலக்கத்தில் பிரஷ்ஷில் பேஸ்ட்டுக்குப் பதிலாக இவருடைய ஷேவிங் கிரீமைப் பிதுக்கி வாயில் வைத்துவிட்டேன். நாலு தேய்ப்புத் தேய்த்த பிறகுதான் நாக்குக்குத் தெரிந்தது. அதற்குள் நுரை பொங்கி, தாடையில் வழிந்து, மூக்கிலும் ஏறிவிட்டது. நான் கத்தப் போக, சத்தம் வரவில்லை. குமிழிதான் வந்தது. பெரிய குமிழி.

குட்டி ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தாள். முதலில் ஒரு கிறீச். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலை விட்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து, வாய் காதுவரைக்கும் கிழிய ஒரு சிரிப்பு. விக்கல் வருகிற வரைக்கும். நானும் நுரையோடு பக்கத்தில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். நான் சிரிக்கச் சிரிக்க அவள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து இன்னும் சிரித்தாள். மூடவே இல்லை.

என்ன சத்தம் என்று ஓடி வந்த இவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், ட்யூபைப் பார்த்தார்.

"முடிச்சுட்டு மூடி வை. நாளைக்கு எனக்கு வேணும்."

ஆகஸ்ட் 16, சனி

நேற்று எடுத்த எட்டு போட்டோவை நாத்தனார் அனுப்பியிருக்கிறாள். ஒன்றில்கூட குட்டியின் முகம் தெளிவாக இல்லை. எல்லாவற்றிலும் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்திருக்கிறாள். எட்டையும் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மூன்று மாதப் பரிசோதனை. போகிற வழியில் குட்டிக்கு ஷூ, இவருக்கு பெல்ட் வாங்கினோம். ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம்.

கவுன்ட்டரில் இருந்த பெண் எந்தப் பல் என்று கேட்டாள். இடது பக்கம் என்றேன். பழைய சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, வலது என்றாள். தினம் பதினொரு தடவை பார்த்த பல், எந்தப் பக்கமென்று எனக்கே மறந்துபோயிருக்கிறது.