இளகாத வாசலுக்குப் போட்ட ஊசி

1979 ஆகஸ்ட் 14, செவ்வாய்

இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது வருடமாக மருத்துவிச்சியாக இருக்கிறேன். இன்று போல் என்றும் கூசிப்போனதில்லை.

காலையில் கொழுந்து பறிக்கும் செல்லம்மாவுக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. கருப்பை வாய் தடித்து இறுகியிருந்தது. ஒரு விரல்தான் நுழைந்தது. பொறுத்திருந்து பார்க்க வேண்டிய நேரம். ஆனால் அக்கா மகள் கல்யாணத்துக்கு மதிய ரயிலைப் பிடிக்கும் அவசரம் எனக்கு. வலியைக் கூட்டும் ஊசியைப் போட்டேன். அந்த மருந்து கருப்பையைச் சுருங்க வைக்கும். இளகாத வாயைத் திறந்துவிடாது. தெரிந்தேதான் போட்டேன்.

அரை மணியில் வயிறு கல்லாக இறுகி, தளரவே இல்லை. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

"ஏதாவது மருந்து கொடுத்தாயா?" என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார்.

இல்லை என்றேன்.

ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். வெகுநேரம் கழித்துத்தான் அழுதது. தாயும் பிழைத்தாள். வராந்தாவில் செல்லம்மாவின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்க காலையிலயே ஊசி போட்டீங்க மிஸ்ஸி. அதனாலதான் ரெண்டு உசுரும் எங்களுக்குக் கெடச்சிச்சு."

பக்கத்தில் நின்ற டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று என்னையே கேட்டார்.

நன்றி சொல்கிறார் என்றேன்.

சரியான நேரத்தில் கொண்டுவந்தாய் என்று அவரும் என்னைப் பாராட்டினார். நான் தலையாட்டினேன்.