ஆப் ஏற்றுக்கொள்ளாத ஒரு பாட்டு

அண்ணா,

இன்று காலை பீளமேடு சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது, காதில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டு முடிந்து, சொல்லாமல் கொள்ளாமல் நீங்கள் வந்துவிட்டீர்கள். அதுவும் பெண் குரலில். சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அடுத்த நிமிடமே கண் கலங்கியது. அதையும் பார்த்திருப்பாள்.

நம் சர்ச் பாடகர் குழுவில் நான்தான் மட்டம். பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவில் நிற்க வைத்தார்கள். எனக்கோ இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஆண்கள் வரிசையில் அடிக்குரலில் பாடும் நீங்கள், பம்பு கம்பெனிக்குக் கிளம்பும் முன் என் பகுதியைப் பெண் குரலில் பாடிப் பதிந்து போனில் அனுப்புவீர்கள். "ஆடு கத்தற மாதிரி இருக்குமுங்க அம்மணி. ராகத்த மட்டும் எடுத்துக்கங்க" என்று முதல் பாட்டிலேயே சொல்லிவிட்டீர்கள். உண்மையில் அப்படித்தான் இருந்தது.

இரண்டு வருடத்தில் பத்தொன்பது பாட்டு சேர்ந்தது. போன வருடம் புதுப் போன் வாங்கியதும், எல்லாவற்றையும் பாட்டுக் கேட்கும் ஆப்பில் ஏற்றினால் பஸ்ஸிலேயே பழகலாமே என்று தோன்றியது. நம்மிடம் இருக்கும் பாட்டையும் அதில் சேர்க்கலாம் என்று மகள் காட்டிக்கொடுத்தாள். முதலில் லேப்டாப்பில் ஏற்ற வேண்டும், பிறகு போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், பிறகு ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுவதும் அதிலேயே போயிற்று. பாடகர் பெயர் தெரியவில்லை என்று ஆப் சொன்னது. உங்கள் பெயரை நானே அடித்தேன். பெரிய பெரிய பாடகர்களுக்கு நடுவில் நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை இன்னொரு வேலையும் செய்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

ஒவ்வொரு பதிவிலும் பாட்டுக்கு முன்னும் பின்னும் உங்கள் பேச்சு இருக்கும். "ஹலோ, கேக்குதுங்களா அம்மணி?" என்பீர்கள். தொண்டையைக் கனைப்பீர்கள். குக்கர் விசில் அடிக்கும். "இருங்க, தப்பாப் பாடிப்போட்டேன்" என்று மறுபடி தொடங்குவீர்கள். பாட்டு மட்டும் சுத்தமாக இருக்கட்டும் என்று அத்தனையையும் வெட்டினேன். இடத்தை அடைக்கிறதே என்று, வேறெங்கும் இல்லாத அசலையும் அழித்துவிட்டேன். ஒன்று மட்டும் வெட்டவும் வரவில்லை, ஆப்பிலும் ஏறவில்லை. உங்கள் பழைய போனில் பதிந்த ஏதோ ஒரு வகை ஃபைல். போகிறது போ என்று லேப்டாப்பிலேயே விட்டுவிட்டேன்.

நீங்கள் கம்பெனியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்ட பிறகு, ஒரு மாதம் கழித்து உங்கள் வீட்டுக்குப் போனேன். ஆறுதலாக இருக்கும் என்று ஆப்பைத் திறந்து அண்ணியிடம் கொடுத்தேன். இரண்டு பாட்டு கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பாட்டு கோயில்லயே கேட்டதுதான் கண்ணு. அவரு பேசறது ஏதாச்சும் இருக்குதா?"

போனைப் பையில் போட்டேன். அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு நான் குளிச்சுட்டு இருந்தேன். தெனமும் வாரேன்னு சொல்லாம கிளம்ப மாட்டாரு. அன்னிக்குச் சொன்னாரோ என்னமோ, தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்கல கண்ணு. அதுதான் மனசு ஆறமாட்டேங்குது."

"பாட்டு மட்டுந்தானுங்க அண்ணி இருக்குது" என்றேன். பொய் இல்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். பதினெட்டு பாட்டின் முன்னும் பின்னும் நீங்கள் என்னவெல்லாம் பேசினீர்களோ, எனக்கே இப்போது நினைவில் இல்லை.

வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். ஆப் வேண்டாம் என்ற அந்த ஒன்றை வேறொரு பிளேயரில் போட்டேன். பாடியது. கடைசிவரை கேட்டேன். மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணியிடம் போனேன்.

பாட்டின் மூன்றாவது சரணத்தில் உள்ளேயிருந்து அண்ணியின் குரல் கேட்கிறது. "ஏனுங்க, நேரமாச்சுங்களே." நீங்கள் பாதியில் நிறுத்துகிறீர்கள். "மீதிய நாளைக்கு அனுப்பறனுங்க அம்மணி" என்று என்னிடம் சொல்கிறீர்கள். பதிவை நிறுத்த மறந்துவிட்டீர்கள். நாற்காலி நகர்கிறது. சாவிக்கொத்து சிணுங்குகிறது. பிறகு, ஆடு கத்தாத உங்கள் சொந்தக் குரலில், "கண்ணு, நான் வாரேன்."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அழவில்லை. லேப்டாப்பைப் பார்த்து, நீங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பதுபோல, "செரிங்க, பாத்துப் போங்க" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "மத்த பாட்டுலயெல்லாம் ஏன் கண்ணு அவரு பேசவே இல்ல?"

அவருக்கு நேரமில்லாமல் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதமாக அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணியிடம் சொல்லப்போகிறேன். அவர் பேசினார் அண்ணி, ஒவ்வொரு பாட்டிலும் பேசினார், நான்தான் வெட்டினேன் என்று.