பூட்டிய அறைகள், புதுவாயல்

4.8, திங்கள்

புழுக்கம். மழை வருவதுபோல் இருந்து வரவில்லை.

இந்த வாரம் கவனிக்க வேண்டியவை:
1. புதுவாயல் லைன் வீடுகள்: மாணவர் கணக்கெடுப்பு.
2. பூட்டியிருந்தால் காலி அறை. (நான் தந்த விதி.)
3. அறிக்கை.
4. முழங்கால். எண்ணெய் மாற்ற வேண்டும்.

கும்மிடிப்பூண்டித் தொழிலாளர்களுக்குப் பக்கத்துப் புதுவாயலில் குடியிருப்பு கட்ட ஓர் அறக்கட்டளை யோசிக்கிறது. தேவை உண்டா என்று பல்கலையின் ரியல் எஸ்டேட் வகுப்பைக் கேட்டிருக்கிறது. ஓய்வுக்குப் பிறகும் அங்கே பாடம் எடுக்கிறேன். ஆகவே பிள்ளைகளோடு வேனில் போனேன்.

வரிசையாக ஒற்றை அறைகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ். காலை பதினொரு மணி. பாதிக் கதவுகளில் பூட்டு. "சார், இதுக்கு இன்னா போடறது?" என்றாள் ஒரு மாணவி. "காலி" என்றேன். யோசிக்கவே இல்லை.

குடையை அங்கேயே மறந்தேன்.

5.8, செவ்வாய்

வெயில். அறிக்கை போயிற்று. அறக்கட்டளைக்காரர் துறைக்கே வந்து படித்தார். "இவ்ளோ ரூம் காலியா இருக்கறப்ப புதுசா எதுக்கு சார் கட்டணும்? வேற ஊர் பாக்கறோம். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லிடறேன்."

து.த. (துறைத் தலைவர்) என் முறையைப் பாராட்டினார். மகிழ்ச்சி. நன்றாகத் தூங்கினேன்.

6.8, புதன்

குடைக்காகப் புதுவாயல், தனியாக. பேருந்தில் நிற்க வேண்டியிருந்தது. போய்ச் சேர மாலை.

ஒரு பெண் இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டிய கதவு ஒன்றைத் திறந்தார். உள்ளேயிருந்து கொட்டாவியோடு ஓர் ஆள் வெளியே வந்தார். எனக்கு முதலில் புரியவில்லை.

எஸ்தர் என்று பெயர். ஜங்ஷனில் டிபன் கடை. வந்தவர் கணவர், இரவு ஷிப்டு. அவர் தூங்கும்போது வெளியே பூட்டிவிட்டுக் கடைக்குப் போவாராம்.

"பூட்டு தொங்குனா எவனும் தட்ட மாட்டான் சார். இல்லாட்டி கேபிள்காரன், சீட்டுக்காரன், இப்ப உங்க பசங்க வேற."

"அவசரமென்றால்?"

"பக்கத்து ஊட்லயும் ஒரு சாவி கீது. இந்த லைன்ல எல்லாரும் அப்டித்தான். பகல்ல ஊடு இவுருக்கும் இவுரு தம்பிக்கும். ராத்திரிதான் எனுக்கும் பொண்ணுக்கும்."

திங்களன்று 'காலி' போட்டதை எஸ்தரிடம் சொன்னேன். கணவர் வாயில் பிரஷ்ஷோடு வந்தார்: "இன்னா சார், என்னக் காலின்னு எய்திட்டீங்களாமே? உள்ளதான கொறட்ட உட்டுக்கினு கெடந்தேன்!"

பக்கத்து அறைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. "புது ஊட்டுக்குப் பேரு குட்த்துக்கீறோம் சார். பொண்ணு பெரிசாயிட்டா. இவுங்க ஷிப்டுக்குக் கெளம்பற வரிக்கும் ரோட்டு லைட்ல குந்திப் படிக்குது. வருமா சார்?"

"பார்க்கலாம்மா" என்றேன். அறக்கட்டளை வேறு ஊர் பார்க்கிறது என்று சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன்.

குடையை மறுபடி விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

7.8, வியாழன்

இரவெல்லாம் விழிப்பு. நிலத்துக்கு மதிப்புப் போடச் சொல்லித் தருகிறேன். வீட்டில் யார் எப்போது தூங்குகிறார் என்பது எந்தப் பாடத்தில் வருகிறது?

து.த. அறைக்குப் போனேன். "அந்த அறிக்கையில்..." என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "தலைப்பு இன்னும் பெரிய எழுத்தில் இருக்கலாம்" என்று முடித்தேன். சரி என்றார்.

இந்த வயதில் இப்படி ஒரு கோழை. முழங்கால் வலி. எண்ணெய் வாங்கவில்லை.

8.8, வெள்ளி

தூறல். துறையில் அறிக்கைக் கூட்டம். அறக்கட்டளைக்காரர் முன்வரிசையில். மாணவி அறிக்கையை வாசித்தாள். "பாதி அறைகள் காலி" என்ற இடத்தில் எழுந்தேன்.

"காலி இல்லை. உள்ளே ஆட்கள் தூங்குகிறார்கள்."

"கேக்கல சார், கொஞ்சம் சத்தமா."

மறுபடி சொன்னேன். விதி என்னுடையது, பிள்ளைகள் மேல் தவறில்லை என்றும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவன், "இன்னாடா இது, சாரே மாட்டிக்கினாரு." து.த. என்னைப் பார்க்கவில்லை. அறக்கட்டளைக்காரர் பேனாவை மூடினார். முடிவு இப்போது இல்லையாம். மறுபடி எண்ணிய பிறகு.

நாளை மாலை, விளக்குப் போடும் நேரத்தில் எண்ணப் போகிறோம். எஸ்தரின் முகத்தில் விழிக்க வேண்டும். அன்று "பார்க்கலாம்" என்றது ஏன் என்று கேட்பார்.

மேலே எண் 2 தவறு. இதற்கு முன் எத்தனை வகுப்புகளுக்கு அதைச் சொன்னேன், அவர்கள் எந்தெந்த ஊரில் எண்ணினார்கள், நினைவில்லை.