கை தானாகப் போனது

ஆடி 5, திங்கள்
பேய்க் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டுக் கூரை மேல். வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தாயிற்று. பக்கவாதம். பேச்சு பிழைத்தது. கால் இன்னும் எழவில்லை. இடது கை மட்டும் அதுவாக ஆடுகிறது. டாக்டரம்மா: "அது அவர் சொல்றதைக் கேக்காதும்மா. அடிச்சாலும் அவர் அடிச்சதா எடுத்துக்காதீங்க."
தலையாட்டினேன். அவருக்கு இடக்கைப் பழக்கம். இத்தனை வருஷம் என்னை அடித்த கை. அடித்து முடித்ததும் அவர் சொன்னதும் இதேதான்: "கோவத்துல கை தானாப் போயிருச்சு."
வாங்க: மாத்திரை, தேங்காய் எண்ணெய், கொசுவத்தி.

6, செவ்வாய்
நான் பனியன் கம்பெனிக்கு லீவு. துணி செக்கிங்கில் ஆளில்லை என்று போனில் சூப்பர்வைசர் முனகல். காலையில் கை இட்லித் தட்டைத் தட்டிவிட்டது. பொறுக்கக் குனிந்தேன். என் பின்னலைப் பிடித்துக்கொண்டது.
"நானில்லடி! கை! சத்தியமா!"
வலது கையால் அதன் விரல்களைப் பிரித்துவிட்டு அழுதார். நம்பினேன். அதுதான் எரிச்சல். முதல் தடவையாக நிஜம் சொல்கிறார்.

8, வியாழன்
இவர் டெய்லராக இருக்கும் கம்பெனி முதலாளி சாத்துக்குடியோடு வந்தார். "எப்படி இருக்கறே?" என்று குனிந்தார். அவர் கன்னத்தில் இடது கை ஓர் அறை விட்டது. கண்ணாடி தெறித்துக் கீழே.
"ஐயோ மொதலாளி, நானில்லீங்க, கை தானாப் போயிருச்சுங்க!"
"செரி செரி, ஒடம்பப் பாத்துக்க." முதலாளி அதற்குள் வாசலில்.
சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கை தானாகப் போனால் இப்படித்தான் போகும். ஆள் பார்க்காது. என்னை அடித்த நாட்களில் அது முதலாளி மேல் போனதில்லை. இவருடைய அண்ணன் மேல் போனதில்லை. என் முகத்தில்கூடப் பட்டதில்லை. முதுகு, தொடை என்று சேலை மறைக்கிற இடமாகப் பார்த்துப் போனது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பாதியிலேயே நின்றது. அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

10, சனி
டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். கையில் எதையாவது பிடிக்கக் கொடுத்தால் அடங்குமாம். கம்பெனியில் வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணியை உருண்டையாகச் சுருட்டிக் கொடுத்தேன். உண்மைதான். பிடித்துக்கொண்டு சும்மா கிடந்தது. அவர் நன்றாகத் தூங்கினார்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உருவி எடுத்துவிட்டேன்.
விழித்ததும் கை அவர் முகத்திலேயே அடித்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். "நீ எப்படித்தான் பொறுத்துக்கறயோ கண்ணு."

11, ஞாயிறு
குழாயில் தண்ணீர் வந்தது. அவர் உதடு வீங்கியிருக்கிறது. வலது கையால் அழுத்திப் பிடித்தே சோர்ந்துவிட்டார். "அந்தத் துணிய எடுத்துக் குடு" என்று கெஞ்சல். துணி ஜன்னலில். அவருக்குத் தெரிகிறது, எட்டாது.
எனக்குக் கோபம் வரவில்லை. அடுப்பில் பருப்பு. என்ன செய்கிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. எடுத்துக் கொடுக்கலாம். கொடுக்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேணும்னேதான் பண்றயா?"
"ஆமாங்க."
பருப்பு இறக்கியாயிற்று. நாளையிலிருந்து கம்பெனி. பகலெல்லாம் வீட்டில் அவரும் கையும் மட்டும்.